ஃப்ளையர் வந்தால் விருந்து தெரியும்!

கோடை பிறந்துவிட்டால் எங்கள் நியூ ஜெர்சி வீட்டில் சனிக்கிழமை ராத்திரி என்ன சமையல் என்பது வியாழக்கிழமை வரை யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது! சூப்பர்மார்க்கெட்டுகளின் வாராந்தர ஃப்ளையர்கள் வர வேண்டும். அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பேனாவும் கையுமாக உட்கார வேண்டும். அதுதான் விருந்துக்குப் பிள்ளையார் சுழி. வாருங்கள், நீங்களும் எட்டிப் பாருங்கள்.

முதல் பக்கத்தைக் கவனியுங்கள். கொட்டை எழுத்தில் கோழிக்கால், சோளம், தர்பூசணி. இவற்றில் கடைக்கு லாபம் சொற்பம். சில சமயம் கையையே கடிக்கும். நம்மை வாசலுக்குள் இழுக்கத்தான் அந்த விலை. உள்ளே வந்தவர் பன், பார்பிக்யூ சாஸ், சிப்ஸ், சோடா என்று வண்டியை நிரப்புவார், விட்டதை அங்கே பிடித்துவிடலாம் என்பது கடையின் கணக்கு. நம் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! நமக்கு எதற்கு சாஸ்? மிளகாய்த்தூள் டப்பாவில் இருக்கிறது, தயிர் உறைந்து கிடக்கிறது, இஞ்சி பூண்டு விழுது தயார். கோழிக்காலை மட்டும் வாங்கி, வெள்ளி ராத்திரியே கீறிப் புரட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால், சனி மாலை கிரில்லில் ஏறும்போது தெருவே மணக்கும்.

இனி நாள் கணக்கு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் இதில்தான். எல்லாக் கடைக்கும் வாரம் ஒரே நாளில் பிறப்பதில்லை. சில கடைகளில் புது விலை வெள்ளிக்கிழமை தொடங்கும், சிலவற்றில் ஞாயிற்றுக்கிழமை. ஆக, வெள்ளியும் சனியும் ஒரு கடையில் புது விலை, இன்னொன்றில் முடியப்போகிற விலை. ஒரே சுற்றில் இரண்டையும் பிடித்துவிடலாம்! ‘பத்து டாலருக்குப் பத்து’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பத்தையும் தூக்க வேண்டியதில்லை, ஒன்று எடுத்தாலும் ஒரு டாலர்தான். சிறு எழுத்தை மட்டும் படித்துவிடுங்கள். சரக்கு தீர்ந்துபோனால் ‘ரெயின் செக்’ உண்டா என்று கேளுங்கள். அந்தச் சீட்டு இருந்தால் பிறகு சரக்கு வரும்போதும் அதே விலைதான்.

மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே. அமெரிக்கா முழுக்கக் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டும் இந்த மூன்று சமயத்திலும் இறைச்சி முதல் பக்கத்துக்கு வந்துவிடும். அப்போது ஃப்ரீசரை நிரப்பிக்கொண்டால் இடைப்பட்ட வாரங்களுக்குக் கவலையில்லை.

சோளத்துக்கு நான் வேறு யோசிப்பதே இல்லை. தீயில் வாட்டி, பாதி எலுமிச்சையை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டு அழுத்தித் தேய்த்தால் மெரினா வந்துவிடும்! ஜூலையில் மலிந்து கிடக்கும் சுக்கினியைப் பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கிறேன். சுரைக்காய் இல்லையே என்று யாரும் ஏங்கியதில்லை. தர்பூசணியின் வெள்ளைப் பகுதியையும் எறிவதில்லை, தேங்காய் சீரகம் அரைத்துவிட்டால் மறுநாள் மதியத்துக்கு அருமையான மோர்க்குழம்பு. மாம்பழத்துக்குத் தனிக் கதை. இந்திய மாம்பழம் 2007இல் மறுபடி அமெரிக்காவுக்கு வரத் தொடங்கியது. பூச்சிகளை ஒழிக்கும் கதிர்வீச்சுக்கு உட்பட்டு விமானத்தில் வருவதால் விலையைத் தொட முடியாது. ஆனால் மெக்சிகோவின் மஞ்சள் அட்டவுல்ஃபோ பெட்டி பெட்டியாக சேலில் வரும். நாரே இல்லை, பச்சடிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கு மிகப் பிடித்தது கடைசியில்: ப்ளூபெர்ரி. காட்டில் விளைந்த இந்தப் பழத்தைத் தோட்டப் பயிராக்கியதே இந்த மாநிலத்தில்தான். வைட்ஸ்பாகில் எலிசபெத் வைட்டும் தாவரவியலாளர் ஃப்ரெடரிக் கோவிலும் சேர்ந்து வளர்த்த பழம் 1916இல் முதன்முதலாக விற்பனைக்குப் போனது. இன்றும் ஜூன் கடைசியில் உள்ளூர் அறுவடை குவியத் தொடங்கியதும் விலை சரசரவென்று இறங்குகிறது. வெல்லமும் மிளகாயும் சேர்த்துக் கிளறி, கடுகு தாளித்தால் கருநீலத் தொக்கு. தயிர்சாதத்தின் ஓரத்தில் அந்த நிறத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த வார முதல் பக்கத்தில் அது வந்தேவிட்டது. வெல்லம் போதுமா என்று பார்க்க ஓடுகிறேன்.