முப்புரிக் கயிற்றைத் திருப்பிப் பார்ப்போமா?

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள். அடுத்து வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பக்கவாட்டில் துள்ளுகிறதா? பெரியவர்களின் கண்களுக்கு நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். உங்களுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் காட்சி சற்றே மாறித் தெரிகிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரத்தில் என்று மூளை கண்டுபிடிக்கிறது.

இதை 1838இல் விளக்கியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். புகைப்படம் இன்னும் மக்களிடம் வராத காலம் அது. எனவே ஒரு பொருள் இடக்கண்ணுக்கு எப்படித் தெரியும், வலக்கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு கோட்டோவியங்கள் வரைந்தார். முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டின் உதவியால் ஒரு கண்ணுக்கு ஒரு படம் மட்டும் தெரியச் செய்தார். தட்டைக் கோடுகள் கனப்பொருளாக எழுந்து நின்றன!

ஆனால் அந்த ஓவியத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. இன்றைய பிரவுசரில் முடியும்! பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்ற கணக்கு கணினியிடம் இருக்கிறது. நீங்கள் மவுஸை அசைத்ததும், இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்களைப் புதிதாக வரைகிறது. நொடிக்கு 60 முறை திரை மாறினால் 120 படங்கள்! எவ்வளவு உழைப்பு!

இரண்டும் ஒரே திரையில் இருக்க, எந்தக் கண்ணுக்கு எது? ஒரு படத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலப்பச்சையிலும் காட்டுவது எளிய வழி. பார்ப்பவர் ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்கு நீலப்பச்சை என ஒளி ஊடுருவும் தாள்கள் ஒட்டிய கண்ணாடியை அணிய வேண்டும். சிவப்புத் தாள் சிவப்பு ஒளியை மட்டும் விடும். நீலப்பச்சைத் தாள் அதைத் தடுத்துவிடும்.

இப்படிப் பார்ப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி கொலாஜன். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம் இது. மூன்று இழைகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதுதான் இதன் அமைப்பு என்று 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். தட்டைப் படத்தில் எந்த இழை முன்னால் போகிறது என்றே குழம்பும். பிரவுசரில் ஓடும் ஜேஎஸ்மோல் என்ற இலவச மென்பொருளில் கொலாஜனைத் திறந்து, சிவப்பு-நீலப்பச்சைக் காட்சிக்கு மாற்றி, வண்ணக் கண்ணாடி அணிந்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் இழையும் தனித்தனியே மிதக்கும்.

சிவப்புத் தாள் இடக்கண்ணுக்கு வரட்டும். மாற்றி அணிந்தால் முன்னால் இருப்பது பின்னால் போய்விடும். கண் உறுத்தினால் உடனே கழற்றிவிடுங்கள்.