1,460 மாத்திரைகள்

பிள்ளைக்கு மலத்தில் ரத்தம் போனால் தோட்டத்து வீடுகளில் முதலில் வாயில் வருவது "மூலச்சூடு" என்ற சொல்தான். மோர், வெந்தயம், இளநீர் என்று வாரங்கள் ஓடிவிடும். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாவானாலும் ஈஜோக்கானாலும் புக்கிட் ரோத்தானானாலும் கதை இதுதான். பிள்ளை இளைத்து, வெளுத்துப்போன பிறகே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை நடக்கிறது. சிலருக்கு அதில் தெரியவருவது குடல் அழற்சி நோய்.

நம்மவர்கள் அறியவேண்டிய கணக்கு ஒன்று பேராக் கிந்தா பள்ளத்தாக்கு ஆய்விலிருந்து 2015இல் வெளிவந்தது. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் லட்சம் இந்தியர்களில் 24.91 பேர், மலாய்க்காரர்களில் 7.00, சீனர்களில் 6.90. நம்மில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவர். மற்ற இனத்தவரைப்போல் மூன்றரை மடங்கு. ஆனாலும் 4,000 பேருக்கு ஒருவர் என்றால், பல தோட்டங்களில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அதனால்தான் இந்த நோயின் பெயர் நம் காதில் விழாமலே போகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் 1980களில் எடுத்த கணக்கிலும், குடல் அழற்சியின் ஒரு வகையான பெருங்குடல் புண் நோய் புதிதாகக் கண்டவர்கள் ஆண்டுக்கு லட்சம் ஐரோப்பியருக்கு 5.3 பேர், தெற்காசியருக்கு 10.8 பேர்.

நோய் பெரும்பாலும் பிடிப்பது இளவயதில். எஸ்.பி.எம். முடித்து, கல்லூரியிலோ முதல் வேலையிலோ கால் வைக்கும் நேரம்.

இனிச் செலவு. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். கவுண்டரில் கட்டும் பணம் குடும்பத்தைச் சாய்க்காது. சாய்ப்பது நாள்கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65.38. நோய் கடுமையாகி இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றவேண்டி வந்தால் (எல்லாருக்கும் வராது) முதல் ஆண்டில் 0, 2, 6ஆம் வாரங்கள், பிறகு 8 வாரத்துக்கொன்று: மொத்தம் 8 முறை. 50 கிலோ எடைக்கு ஒரு முறை 250 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பி மூன்று. கோலாலம்பூரில் ஏற்றுவதானால் ஒவ்வொரு முறையும் போய்வரவேண்டும். வேலையில் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்குச் சட்டப்படி ஆண்டு விடுப்பும் 8 நாள்தான். கூடப் போகும் அப்பா அப்படிப்பட்டவரானால் அவருக்கு மிச்சம் ஒரு நாளும் இல்லை.

நோய் சீறும்போது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். 40 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 குறைப்பது பரவலான முறை. 5 மில்லிகிராம் மாத்திரையில் முதல் வாரம் தினம் 8, அடுத்த வாரம் 7 என்று இறங்கி, 8 வாரத்தில் 252 மாத்திரை. இடையில் சட்டென்று நிறுத்தக்கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும். மருந்து எடுக்கும் நாள்களில் தூக்கம் கெடும், பசி கூடும், முகம் உப்பும். கோயில் வாசலில் ஒரு அத்தை, "இப்பதான் கன்னத்துல சதை புடிச்சிருக்கு, நல்லா இருக்கே" என்பார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அந்த நேரம் நோயை விளக்கப் புறப்படாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பும் அம்மா பெரிய உதவி செய்கிறார்.

சீற்றம் அடங்கிய பிறகு வருவதுதான் நீண்ட கணக்கு. பெருங்குடல் புண்ணுக்கு மெசலசின் தினம் 2 கிராம் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு 4, ஆண்டுக்கு 1,460. வலி இல்லை, ரத்தம் இல்லை. இருபது வயதுக்கு மறப்பது சுலபம். சிகாகோவில் 99 பேரைத் தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில், மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களில் 89 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். தவறியவர்களில் 39 விழுக்காட்டினர் மட்டுமே. எடுத்த மருந்து 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தவறியவர் என்பது அங்கே அளவு. நம் கணக்கில் விடுபடும் அந்த 20 விழுக்காடு 292 மாத்திரை, 73 நாள். வாரத்தில் ஒன்றரை நாள் விட்டாலே கோட்டைத் தாண்டிவிடும்.

அதற்காக வளர்ந்த பிள்ளையின் பையைத் திறந்து எண்ண வேண்டாம் என்பேன். எண்ண வேண்டியது மருந்து வாங்கும் தேதியை. 30 நாளுக்கு 120 மாத்திரை. சுகாதார அமைச்சு மருத்துவமனை நோயாளி என்றால், எஸ்.பி.யு.பி. என்ற ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையில் மீதி மாதங்களின் மருந்தைத் தஞ்சோங் காராங் மருத்துவமனை போன்ற பக்கத்து இடத்திலேயே வாங்கலாம். முதல் சீட்டு எழுதும் நாளிலேயே மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.