பொட்டலம் பிரிக்கும் ரோபோ

திருப்பதியில் உங்கள் மகள் செல்போனில் ஒரு புடவை வாங்குகிறாள். சில நாளில் புடவை வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கு நடுவில் அது எப்படி வழி தவறாமல் வந்தது?

பொட்டலத்தின் மேல் முகவரி இருக்கும். அதன் கடைசியில் ஆறு எண்கள் இருக்கும். அதுதான் பின்கோடு. 1972-ல் தபால் துறை கொண்டுவந்தது. திருப்பதிக்கு 517501. சித்தூருக்கு 517001. நான்காவது எண் மட்டும்தான் வேறு. அதைத் தப்பாகப் படித்தால் புடவை சித்தூருக்குப் போய்விடும்!

முன்பெல்லாம் குடோனில் ஆட்கள் இந்த எண்ணைப் படித்துத்தான் ஊர் ஊராகப் பிரிப்பார்கள். பல இடங்களில் இன்றும் அப்படித்தான். 2019-ல் பெங்களூரில் ப்ளிப்கார்ட் கம்பெனி இந்த வேலைக்கு ரோபோக்களை இறக்கியது.

ரோபோ என்றதும் கை கால் வைத்த இரும்பு மனிதனை நினைக்காதீர்கள். இது ஒரு சின்ன வண்டி. அடியில் சக்கரம், மேலே தட்டு. பொட்டலத்தில் கறுப்புக் கோடுகள் அச்சாகியிருக்கும். அவற்றை ஸ்கேனர் படிக்கிறது. எந்த ஊர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டி அந்த ஊருக்குரிய இடத்துக்கு ஓடுகிறது. தட்டைச் சாய்த்துப் பொட்டலத்தைப் போடுகிறது. பேட்டரி இறங்கினால் தானே போய் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது, பசித்த மாடு கொட்டிலுக்குத் திரும்புவது போல.

இத்தனை வண்டிகள் ஓடியும் ஏன் மோதிக்கொள்வதில்லை? எது எந்த வழியில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. முன்பு எங்கே நெரிசல் வந்தது என்ற கணக்கை வைத்து, நல்ல வழியைத் தானே கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. இந்தத் திறமையைத்தான் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள்.

அமேசான் கம்பெனியின் பல குடோன்களில் பொருளைத் தேடி ஆள் நடப்பதில்லை. ரோபோ அலமாரியையே தூக்கிக்கொண்டு ஆளிடம் வருகிறது. உலகம் முழுவதும் அந்தக் கம்பெனியிடம் உள்ள ரோபோக்கள் 2025-ல் 10 லட்சத்தைத் தொட்டன.

நடை மிச்சம், சுமை மிச்சம். நல்லதுதான். ஆனால் பத்துப் பேர் செய்த வேலைக்கு நான்கு பேர் போதும் என்றால், மீதி ஆறு பேர் எங்கே போவார்கள்? ரோபோவைப் பழுது பார்க்கும் வேலை புதிதாக வரும். அது அந்த ஆறு பேருக்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வேலையில் இருப்பவருக்கும் ஒரு தொல்லை உண்டு. எந்திரம் களைப்பதில்லை. அதன் வேகத்துக்கு மனிதக் கை ஓட வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2021-ல் இதற்காக ஒரு சட்டம் போட்டது. இவ்வளவு வேலை முடிக்க வேண்டும் என்ற கணக்கைக் குடோன் தொழிலாளியிடம் எழுத்தில் தர வேண்டும். சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் நேரம் விடாத கணக்கு செல்லாது.

ரோபோவால் முடியாத வேலையும் இருக்கிறது. மழையில் நனைந்து கோடுகள் அழிந்துபோனால் ஸ்கேனர் விழிக்கும். அந்தப் பொட்டலம் தனியாக ஒதுக்கப்படும். அப்போது ஒரு ஆள் வந்து, மங்கிய முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்து, 517501 என்று கம்ப்யூட்டரில் தட்டுவார்.