கூட்டினா ஒன்பது வரணும்!

அப்பாவின் 1978 மாடல் அம்பாஸடர் மார்க் 3 எனக்குச் சொத்தாக வந்தபோது கூடவே ஒரு சத்தமும் வந்தது. டக்... டக்... டக்... தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. ஏறி உட்கார்ந்த நண்பர்களெல்லாம் "என்ன மாப்ளே, பானட்டுக்குள்ளே டெய்லர் வெச்சிருக்கியா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டு, "எப்படியாவது இந்தச் சத்தத்தை நிறுத்துங்க" என்றேன். அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். பட்டு மாதிரி ஓடுது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பூரா பெருமையடித்துக்கொண்டேன்.

மூணாவது மாசம், ராஜபாளையம் போகிற வழியில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. பாலத்து ஏற்றத்தில் சைக்கிள்காரர் என்னை ஓவர்டேக் பண்ணினார். எப்படியோ உருட்டி, ராஜபாளையத்தில் பழைய வண்டிகளையே பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஹெட்டைக் கழற்றி ஒரு எக்ஸாஸ்ட் வால்வை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் எலி கடிச்ச முறுக்கு மாதிரி இருந்தது.

"சத்தம் வேண்டாம்னு சொன்னது யாரு தம்பி?"

எனக்குச் சத்தமே வரவில்லை.

விஷயம் இதுதான். வால்வை அமுக்குவது ராக்கர் ஆர்ம். அதற்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஒரு துளி இடைவெளி இருக்கணும். என் வண்டிக்கு அது ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 15 பங்கு. மில்லிமீட்டரில் 0.38. கிட்டத்தட்ட ஒரு விசிட்டிங் கார்டு கனம். அந்தத் துளி இடத்தைத் தாண்டி ராக்கர் வந்து தட்டுவதுதான் 'டக் டக்'.

எஞ்சின் சூடானால் இரும்பு நீளும். எக்ஸாஸ்ட் வால்வின் முகம் 700 டிகிரியைக்கூடத் தொடும். இடைவெளியே இல்லையென்றால் நீண்ட வால்வுக்குப் போக இடமில்லை. முழுசாக மூடாமல் மயிரிழை திறந்தே நிற்கும். அந்த இடுக்கு வழியாக நெருப்பு பீய்ச்சி அடிக்கும். போதாக்குறைக்கு, வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே மூடி உட்காரும் நேரத்தில், அந்த சீட்டின் மேல்தான். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒரு வால்வு நொடிக்கு 25 தடவை திறந்து மூடணும். உட்காரவே விடாமல் வேலை வாங்கினால் யார்தான் கருக மாட்டார்கள்? (ஆபீஸ் நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

எஞ்சினையே பிரித்துக் கட்டலாம் என்று முடிவானது. என் ரெண்டு மாச எழுத்துக்கூலி அதில் கரைந்தது. ஒரு ஆறுதல்: 1489 சி.சி. கொண்ட இந்த எஞ்சினின் உடன்பிறப்புதான் 1955-ல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. வம்சம் நல்ல வம்சம்! அம்பாஸடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது என்றாலும் இதைப் பிரித்து மாட்டும் கைகள் நம்மூரில் இன்னும் இருக்கின்றன.

எல்லாம் மாட்டியாச்சு. அண்ணாச்சி பில்லர் கேஜை எடுத்தார். பேனாக்கத்தி போல விரியும் மெல்லிய தகடுகள். "தம்பி பி.காம்.தானே? கணக்கு சொல்றேன், பிடிச்சுக்கங்க. வால்வு மொத்தம் எட்டு. எட்டாவது முழுசாத் திறந்திருக்கும்போது ஒண்ணாவதை செட் பண்ணணும். ஆறு திறந்தா மூணு. நாலு திறந்தா அஞ்சு. ஏழு திறந்தா ரெண்டு. எப்பவும் கூட்டினா ஒன்பது வரணும்!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. காலேஜில் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் முழிக்கும்போது வாத்தியார் சொல்வார்: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கிறாயா பார். அதே ஒன்பது, கிரீஸ் பூசிக்கொண்டு வந்து நிற்கிறது!

மந்திரமில்லை. ஒன்றாவது, நாலாவது பிஸ்டன்கள் ஜோடியாக ஏறி இறங்கும். எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது, ஒன்றாவதின் கேம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்போது அளந்தால்தான் அளவு சரி. வால்வு வரிசை வேறாக உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு பலிக்காது. சூட்டோடு அளப்பதா, ஆறவைத்தா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும், புக்கைப் பார்க்கணும்.

தகட்டை நுழைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் கால் சுற்று. பிறகு தகட்டை என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். "வெண்ணெயில கத்தி மாதிரியும் போகக்கூடாது, மாட்டிக்கவும் கூடாது. லேசா இழுக்கணும்." பத்தாவது தடவைதான் எனக்குப் பிடிபட்டது.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. ஹெட் போல்ட்டை இறுக்கி மறுபடி பார்க்கணும்" என்றார். புது காஸ்கெட் அமுங்கும். ஹெட்டோடு ராக்கரும் இறங்கும். புஷ் ராடு மட்டும் அதே நீளம். ஆகவே இடைவெளி குறையும். பழைய பழக்கதோஷத்தில், "சத்தம் கொஞ்சம் குறைச்சு வைக்கலாமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் நானே டைட் ஆகிவிட்டேன்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினேன். மேற்கே மலை, எதிரே தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம், காதில் டக்... டக்... டக்... பால்கோவா கடை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, வண்டியில ஏதோ டக்கு டக்குனு சத்தம் வருதே?"

"வரட்டும் அண்ணாச்சி. ஒரு அரைக் கிலோ போடுங்க."