ஆடி அமாவாசையும் செகிஞ்சான் வானமும்

கோலாலம்பூரின் தென்பகுதியில் கேடிஎம் ரயிலும் எல்ஆர்டி ரயிலும் நின்று செல்லும் சாலாக் செலாத்தான் போன்ற குடியிருப்புகளில் இரவு வானம் கருமையாக இருப்பதில்லை. தெருவிளக்குகளும் நெடுஞ்சாலைகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கிச் சிந்தும் ஒளி, காற்றிலுள்ள ஈரத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்கச் செய்துவிடுகிறது. ஒளிமாசு எனப்படும் இதனை மதிப்பிட, அமெரிக்கரான ஜான் போர்ட்டில் 2001இல் ஒன்பது படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதில் முதற்படி கறைபடாத இருளையும் ஒன்பதாம் படி மாநகர மையத்தையும் குறிக்கும். பால்வீதியைப் படமெடுக்க விரும்பும் கிள்ளான் பள்ளத்தாக்குவாசிகள் சனிக்கிழமை மாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து செகிஞ்சான் வயல்வெளிக்குச் செல்வதற்கு இதுவே காரணம்.

செகிஞ்சானின் சிறப்பு அதன் இருளில் மட்டும் இல்லை. திசையில்தான் பெரிதும் இருக்கிறது. கோலாலம்பூரும் கிள்ளானும் அவ்வூருக்குத் தென்கிழக்கே அமைந்திருப்பதால் நகர ஒளியின் மஞ்சள் மூட்டம் முழுவதும் அந்த மூலையிலேயே தேங்கி நிற்க, மேற்கே மலாக்கா நீரிணைப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைத் தவிர வேறு வெளிச்சம் அதிகமில்லை. பால்வீதியின் மிகப் பிரகாசமான மையப்பகுதி, விருச்சிகத்திற்கும் தனுசுக்கும் இடைப்பட்டது, அந்த ஒளிமூட்டத்தின் ஊடாகவே தென்கிழக்கில் எழுகிறது; அப்பொழுதே அவசரப்பட்டுப் படமெடுப்பவர்களுக்கு நகரின் மஞ்சளே மிஞ்சும். தெற்கில் உச்சியைத் தொட்டு, தென்மேற்கே கடற்பக்கம் சாயும்வரை பொறுத்திருப்பவர்களுக்குத்தான் இருண்ட பின்னணி வாய்க்கிறது. விலையுயர்ந்த கேமராவைவிட இந்தப் பொறுமையே பயன் தரும் என்பதில் ஐயமில்லை.

காலத்தைக் கணிக்கத் தனிக் கருவி தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். நிலவொளி மங்கலான விண்மீன்களை மறைத்துவிடும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவுகளே உகந்தவை. அவற்றிலும் ஆடி அமாவாசை தனிச்சிறப்புடையது, ஏனெனில் அக்காலத்தில் பால்வீதியின் மையம் இரவு ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் தெற்கே உச்சத்தை அடைகிறது. சூரியன் மறைவதோ ஏழரை மணியளவில். முழு இருள் கவிய எட்டே முக்கால் ஆகிவிடும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டதும் இத்தாமதத்திற்கு ஒரு காரணம். ஆடியை ஒட்டிய மாதங்களில் மேற்குக் கரையில் மழை குறைவு என்பது அனுகூலம். ஆனால் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை கடல் தாண்டி வந்துவிட்டால், அமாவாசையும் பயனற்றுப் போகும்.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருப்பதால், செகிஞ்சான் அமைந்துள்ள சிலாங்கூரில் பால்வீதியின் மையம் அடிவானிலிருந்து 58 பாகை உயரம்வரை ஏறுகிறது. லண்டனிலோ அது 10 பாகையைக்கூட எட்டுவதில்லை. ஆனால் இதே அமைவிடம் துருவ நட்சத்திரத்தை அடிவான மூட்டத்தில் புதைத்துவிடுகிறது. புவியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் தடமறிக் கருவிகளை அந்நட்சத்திரத்தை நோக்கியே பொருத்த வேண்டியிருப்பதால், இங்கு அவற்றைப் பயன்படுத்துவது எளிதன்று.

எனவே பெரும்பாலோர் முக்காலியையும் அகலக்கோண லென்ஸையும் நம்புகின்றனர். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், விண்மீன்கள் கோடாக இழுபடாமல் ஒளியைச் சேகரிக்கக்கூடிய விநாடிகள் தோராயமாகக் கிடைக்கும். முழுச்சட்ட உணரியில் 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது 25 விநாடி. குளிரூட்டிய காரிலிருந்து இறக்கிய லென்ஸில் உடனே ஆவி படிந்துவிடுவதால், அதனைப் பைக்குள் வைத்தே வெளிக்காற்றின் வெப்பத்திற்குப் பழக்குவது நல்லது. நாற்று நடுவதற்கு முன் வயலில் நீர் தேங்கி நிற்கும் வாரங்களில் வானம் கீழேயும் தெரியும் என்றாலும், வரப்பில் முக்காலி ஊன்றுவதற்கு முன் உழவரிடம் அனுமதி பெறுவதே முறை.

வழியிலுள்ள கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் படமெடுக்கவும் பலர் ஆசைப்படுகின்றனர். ஆடும் படகிலிருந்து நெடுநேர ஒளிப்பதிவு தெளிவாக அமைவதில்லை. இருளில் இணைதேட ஒளிச்சைகை அனுப்பும் அப்பூச்சிகளுக்கு ஃபிளாஷ் வெளிச்சம் இடையூறாகும். அந்தப் படகுப் பயணத்தின்போது கேமரா பையிலேயே இருக்கலாம்.