பால்கோவாவின் பரிபாகம்

பசும்பால், சீனி, தீ ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு செய்யப்படும் ஒரு பண்டம், தான் பிறந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் தாங்கிக்கொண்டு, கடல் கடந்து வாழும் தமிழர்களின் நாவிலும் ஞாபகத்திலும் நிலையாக இடம் பிடித்திருப்பது சாமான்யமான விஷயமன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ஆம் ஆண்டில்தான் என்றாலும், அதற்கு வெகு காலம் முன்பே ஆண்டாள் கோயிலுக்கு வந்த பக்தர்களும், சதுரகிரி மலையேறிவிட்டுத் திரும்பியவர்களும், குற்றாலத்துக்குப் போகிற வழியில் பஸ் நின்ற ஐந்து நிமிஷத்தில் இறங்கியவர்களும் அதன் பெயரைத் தேசமெங்கும் கொண்டு சென்றுவிட்டார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள கான்சாபுரத்தில், நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஒரு தெருவில், வாசலுக்கு வாசல் மாடு கட்டியிருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். காலையும் மாலையும் கறந்த பால் கேன்களில் ஏறிச் சென்றதைப் பார்த்திருக்கிறேனே தவிர, அந்தப் பாலுக்கு அடுப்பில் என்ன நேர்கிறது என்பதை ஊரில் இருந்தவரை சிரத்தையோடு விசாரித்ததில்லை. இங்கிலாந்தில் குடியேறி, விரும்பியபோது வாங்க இயலாத பண்டமாக அது ஆன பிறகே, அதன் பரிபாகத்தை அடிமுதல் நுனிவரை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. விடுமுறைக்கு ஊர் சென்றபோதெல்லாம் கோவா கிண்டும் கொட்டகைகளில் நின்று பார்த்ததும், பாலின் ரசாயனத்தைப் பற்றிப் படித்ததும் சேர்ந்து எனக்கு உணர்த்திய உண்மை ஒன்றுண்டு: இந்தப் பண்டத்தில் ரகசியச் சரக்கு எதுவும் இல்லை, பாலின் தன்மையையும் தீயின் வேகத்தையும் அறிந்தவர் எவரும், எந்தத் தேசத்திலும், இதை ஆக்கிக்கொள்ள முடியும்.

வெளிநாட்டில் வாழ்பவரின் பெட்டியில் ஊரிலிருந்து வருகிற பண்டங்களைக் கவனித்தால், அவை பெரும்பாலும் நீரற்றவையாக இருப்பது புலப்படும். சாத்தூர்க் காராச்சேவும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் மாதக்கணக்கில் தாங்குவது, அவற்றில் கிருமிகள் குடித்துப் பிழைக்கப் போதிய நீர் இல்லாமையால்தான். பால்கோவா அப்படிப்பட்டதன்று, அதில் ஐந்தில் ஒரு பங்கு நீர் எஞ்சியிருப்பதால், வெப்பமான அறையில் சில நாட்களுக்கு மேல் அதை நம்ப முடியாது. இதைவிடப் பெரிய தடையும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும், பிரயாணிகள் இந்தியாவிலிருந்து பால் பொருள்களைத் தங்கள் மூட்டைகளில் கொண்டு வருவதைத் தடை செய்திருக்கின்றன. பாலையே உடலாகக் கொண்ட பால்கோவாவும் அதில் அடங்கும். காரணம் கோமாரி நோய். 2001-ஆம் ஆண்டில் அந்நோய் பிரிட்டனில் பரவியபோது, அதைத் தடுப்பதற்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தத் தடை நியாயமாகவே படுகிறது. ஆகவே இங்கே வாழ்கிறவர்களுக்குப் பால்கோவா வேண்டுமாயின், இங்குள்ள பாலைக் கொண்டு இங்கேயே செய்துகொள்வதுதான் வழி.

ஊரில் அதைச் செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம். அகன்ற வாயுடைய இரும்புச் சட்டியில், பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி என்பது வழக்கமான அளவு. அடியில் புளிய விறகோ முந்திரிக் கொட்டைத் தோடோ எரிகிறது. பால் பொங்கி எழும்போது தீயைக் குறைப்பதில்லை. நீண்ட கைப்பிடி கொண்ட துடுப்பால் அதை அடித்து அடக்கி, மறுபடியும் பொங்கவிட்டு, மறுபடியும் அடக்குகிறார்கள். பசும்பால் நூறு பங்கில் ஏறக்குறைய 87 பங்கு நீர். பத்து லிட்டரில் உள்ள திடப்பொருள் மொத்தமே ஒன்றேகால் கிலோவைச் சற்றுத் தாண்டும். அதனோடு சீனியும் எஞ்சிய நீரும் சேர்ந்து மூன்று கிலோவுக்குச் சிறிது கூடுதலாகக் கோவா இறங்குகிறது. அப்படியானால் எட்டு கிலோவுக்கும் மேலான நீர் ஆவியாகிப் போயாக வேண்டும். கொதிக்கும் ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்கு, அதே அளவு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் உஷ்ணத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான உஷ்ணம் தேவை. இத்தனை உஷ்ணத்தை ஒரு மணி நேர அளவுக்குள் செலுத்த வேண்டுமென்றால் விறகுத் தீயின் ஆவேசமும், ஆவி தங்குதடையின்றி வெளியேற அகன்ற சட்டியும் அவசியமாகின்றன.

மெல்லிய தீயில் நாள் முழுவதும் காய்ச்சினாலும் நீர் வற்றத்தான் செய்யும். ஆனால் கிடைப்பது வேறு பண்டம். பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் உஷ்ணத்தில் ஒன்றோடொன்று கூடிப் பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. இந்த வினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீல் மையாரின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. ரொட்டியின் மேலோடு சிவப்பதும், காப்பிக் கொட்டை வறுபடும்போது மணப்பதும் இவ்வினையின் பயனே. மந்தமான தீயில் நெடுநேரம் கிடக்கும் பாலில் இது மிதமிஞ்சி நடந்து, அர்ஜென்டினா நாட்டார் விரும்பி உண்ணும் பால் பாகைப் போலச் செம்பழுப்பாகிவிடும். அதுவும் சுவையானதுதான், ஆனால் அது பால்கோவா அன்று. வேகமான தீயில் நீர் முந்திக்கொண்டு வெளியேறிவிடுவதால், வெளிர்ந்த சந்தன நிறமும் காய்ச்சிய பாலின் மணமும் மாறாமல் நிற்கின்றன.

கால்வாசி அளவுக்குப் பால் குறுகியதும் வேலையின் குணமே மாறிவிடுகிறது. சட்டியின் சுவரில் மெல்லிய ஏடாகப் படிந்து காய்கிற பாலைத் துடுப்பின் விளிம்பால் வழித்து மறுபடியும் நடுவே சேர்க்கிறார்கள். அந்த ஏட்டில்தான் பாலின் கொழுப்பும் உறைந்த புரதமும் செறிந்திருக்கின்றன. சுவரின் சூட்டில் ஒரு கணம் வறுபட்டுத் திரும்பும் அதுவே பால்கோவாவின் வாசனைக்கு ஆதாரம். பல ஆண்டுகளாகத் துடுப்பு பிடித்த ஒருவர், நான் ஏதோ கேட்கப் போனபோது, "செத்தப் பொறுங்க அண்ணாச்சி, சத்தம் மாறுது, இனிமே கையை எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். காது கொடுத்துக் கேட்டேன். அதுவரை சலசலவென்று ஓயாமல் கொதித்த ஓசை அடங்கி, ஒவ்வொரு குமிழியும் தனித்தனியே 'பொத், பொத்' என்று வெடித்தது. நீர் மிகுந்திருக்கும்வரை பால் ஏறக்குறைய நூறு பாகை வெப்பத்தைத் தாண்டாது. நீர் குறைந்து பாகு இறுகியதும் அந்தக் காவல் நீங்கிவிடுவதால், அடியில் தங்கிய மண்டி சில விநாடிகளில் கருகிவிடும். ஓசையை வைத்தே அந்தக் கட்டத்தை அறிந்துகொண்ட அவருடைய காதுக்கு எந்த வெப்பமானியையும் நான் ஈடாகச் சொல்லமாட்டேன்.

பிறகு பதம். கிண்டக் கிண்டக் கலவை சட்டியில் ஒட்டாமல் திரண்டு வருகிறது. ஓரங்களில் நெய் பளபளக்கிறது. பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக, ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் அடங்கி மிதக்கிறது. கொதிப்பாலும் துடுப்பின் அடியாலும் அந்தச் சவ்வுகள் கிழிந்து கொழுப்பு விடுபடுவதுதான் நாம் காணும் நெய்ப் பளபளப்பு. முற்றிலும் இறுகும்வரை காத்திராமல், சற்று இளக்கமாக இருக்கும்போதே சட்டியை இறக்கி, இறக்கிய பின்னும் கிளறுகிறார்கள்.

அந்தக் கடைசிக் கிளறலைத் தேவையற்ற உழைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பத்து லிட்டர் பாலில் பால் சர்க்கரை மட்டும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. இறக்கிய கோவாவில் எஞ்சியிருக்கும் நீரோ அறுநூற்றுச் சொச்சம் கிராம். அறை வெப்பத்தில் நூறு கிராம் நீர் சுமார் 20 கிராம் பால் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஆறும்போது அதில் பெரும்பகுதி படிகமாக வெளிப்பட்டே தீரும். அசையாமல் ஆறவிட்டால் சில படிகங்களே தோன்றிப் பெரிதாக வளர்ந்து, நாவில் மணல் போல நெருடும்; ஆறும்போதே கிளறினால் கணக்கற்ற நுண்படிகங்கள் ஒரே சமயத்தில் பிறந்து, ஒன்றும் பெரிதாக வளராமல், நாவுக்கு இதமான குழைவாகவே நின்றுவிடும்.

நாம் இட்ட சீனிக்கும் இனிப்பைத் தவிர வேறொரு தொழில் உண்டு. எஞ்சிய நீர் அதனால் ஏறக்குறைய முழுக் கெட்டிப் பாகாகிவிடுவதால், பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நீர் எட்டாது. பூஞ்சைகள் அவற்றைவிடச் சகிப்புத்தன்மை உடையவை. சில நாட்கள் சென்ற பால்கோவாவின் மேல் வெண்ணிறமாகவோ பச்சையாகவோ முதலில் தலைகாட்டுவது அவையே.

இனி நம் குடியிருப்பு அடுக்களைக்கு வருவோம். இங்கே கடையில் வாங்கும் பாலைக் கொண்டு செய்து பார்த்த அன்பர்கள் பலர், பசை போல இழுபட்டு, நெய் விடாமல், ஏதோ குறைந்த சுவையாக வருகிறது என்று சொல்வார்கள். குறை அவர்களுடைய கையில் இல்லை. ஒகுஸ்த் கோலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1899-இல் காப்புரிமை பெற்ற ஓர் இயந்திரம், பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய துவாரத்தின் வழியே பீறிடச் செய்து, கொழுப்பு உருண்டைகளை மேலும் பொடிப்பொடியாக உடைத்துவிடுகிறது. மேலே ஆடை திரளாமல் பாட்டில் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் இந்த யுக்தியை, இன்று மேல்நாடுகளில் விற்கும் பாலில் பெரும்பகுதி கடந்தே வருகிறது. உடைந்த துளிகள் ஒவ்வொன்றையும் பாலின் கேசின் என்ற புரதம் புதிதாகப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வை எளிதில் கிழிவதில்லை, கொழுப்பு விடுபடுவதில்லை, கோவா நெய் விடுவதும் இல்லை.

நல்ல வேளையாக, கோலானின் இயந்திரத்துக்குள் புகாத பாலும் தேடினால் கிடைக்கிறது. பிரிட்டனில் 'தங்க மூடி' என்ற பெயரில் ஜெர்சி, கெர்ன்சி இனப் பசுக்களின் கொழுப்பு மிகுந்த பாலை விற்கிறார்கள். அதிலும் கழுத்துப் பகுதியில் ஆடை மஞ்சளாகத் தேங்கி நிற்கும் பாட்டிலைப் பார்த்து எடுக்க வேண்டும். ஜெர்சி என்பது ஆங்கிலக் கால்வாயில் பிரான்சுக்கு அருகிலுள்ள ஒரு சிறு தீவு. அத்தீவின் காளைகளின் வித்தைக் கொண்டு தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக நாட்டு மாடுகளை இனக்கலப்புச் செய்து வருகிறார்கள். இன்று கான்சாபுரத்துத் தொழுவங்களில் நிற்கும் செவலைப் பசுக்களில் பலவற்றின் உடலில் ஓடுவது அந்த ரத்தமே. ஊர்ப் பாலைத் தேடி அலைந்த எனக்கு, அதன் தாயாதியின் பால் நான் வாழும் ஊரிலேயே கிடைக்கிறது என்பது மிகுந்த சந்தோஷத்தை அளித்தது. பசு தின்ற புல்லிலுள்ள மஞ்சள் நிறப்பொருள் இவ்வினங்களின் பால் கொழுப்பில் நன்றாகத் தங்குவதால், கோவாவின் நிறமும் பொருந்தி வருகிறது.

வீட்டு அடுப்பில் பத்து லிட்டருக்கு ஆசைப்படக் கூடாது. சாதாரண மின்சார அடுப்பு கொடுக்கும் உஷ்ணத்தில் இரண்டு லிட்டர் பாலை ஒரு மணி நேரத்துக்குள் சுண்டவைக்கலாம். அதற்குமேல் போனால் நேரம் நீண்டு, பால் சிவந்துவிடும். இருப்பதிலேயே அகலமான, கனத்த அடியுடைய பாத்திரம் வேண்டும். இரண்டு லிட்டருக்கு 250 கிராம் சீனி. பால் பொங்கி அடங்கியதும் அதைச் சேர்த்துவிடலாம். பாத்திரத்தின் சுவரோடு பொருந்தி வழிக்கும் தட்டையான மரக்கரண்டி, துடுப்பின் வேலையைச் செய்யும். ஒன்றரை லிட்டருக்கும் மேலான நீர் ஆவியாகி வீட்டுக்குள் பரவும் என்பதால், குளிர்காலமேயானாலும் ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் சுவரிலும் கண்ணாடியிலும் நீர் வடியும். வாரநாளின் அவசரத்தில் செய்யத் தகுந்த வேலையன்று இது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வீட்டில் இருவராவது இருந்து கை மாற்றிக் கிண்டுவது உத்தமம்.

வளைகுடா நாடுகளிலும் வேறு சில இடங்களிலும் அதியுஷ்ணத்தில் காய்ச்சி அட்டைப் பெட்டியில் அடைத்த பாலே எளிதில் கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் கொழுப்பு உடைக்கப்பட்ட பால்தான். பால் பொடியிலோ, உலர்த்தும்போதும் இருப்பில் கிடக்கும்போதும் பழைய வாடை ஏறிவிடுகிறது. அவற்றைக் கொண்டே செய்ய நேர்ந்தவர்களுக்கு ஓர் உபாயம் சொல்வேன். பால் பாதிக்குமேல் வற்றிய பிறகு, லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி வீதம் நல்ல நெய்யைச் சேர்த்துக் கிண்டுங்கள். பாலுக்குள் சிறைப்பட்ட கொழுப்பை அது விடுவிக்காது. ஆனால் விடுபட்ட கொழுப்பு செய்ய வேண்டிய வேலையை, அதாவது மணத்தை ஏந்தி நிற்பதையும் பசைத்தன்மையைக் குறைப்பதையும், பெருமளவுக்குச் செய்துவிடும். இறக்கிய பின் கிளறுவதை மட்டும் விட்டுவிட வேண்டாம். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து வந்தால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. உண்பதற்குச் சிறிது நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்தால், குளிரில் இறுகிய நெய் இளகி, மணம் திரும்பும்.