பழைய மதர்போர்டில் புதிய பிராசஸர்: தடுப்பது எது?

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. ஏழெட்டு வருடமான கணினியில் வேலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 எல்லாம் திக்குகின்றன, பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா என்பது ஒன்று. இந்தக் கணினிக்கு விண்டோஸ் 11 கிடையாது என்று திரையில் வருகிறதே, அதற்கும் பிராசஸர்தான் காரணமா என்பது இன்னொன்று. பலர் கடையில் விசாரித்துவிட்டு, ‘மொத்தமா புதுசு வாங்கிடுங்க’ என்ற பதிலோடு எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அது சரியான பதில்தான். எல்லோருக்கும் அல்ல.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால், மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்டு. பிராசஸருக்குப் போடும் பணம் வீண். ஏறாமல் அதே இடத்தில் நின்றால் மேலே படியுங்கள்.

இரண்டு பிராசஸர்களை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-7500 வந்தது 2017 ஜனவரியில். கோர் ஐ3-8100 அதே ஆண்டு அக்டோபரில். இரண்டிலும் நான்கு கோர், நான்கு த்ரெட். இரண்டும் 14 நானோமீட்டர். கேஷ் 6 எம்பி, மின்தேவை 65 வாட் என்று அதுவும் ஒன்றே. சாக்கெட்டின் பெயரும் எல்ஜிஏ 1151 என்று ஒன்றுதான். விளையாடும்போது எது எது என்று கண்டுபிடிப்பது கடினம். ஆனால் ஐ3-8100-க்கு விண்டோஸ் 11 உண்டு, ஐ5-7500-க்கு இல்லை. சரி, ஐ5-7500 இருக்கும் மதர்போர்டில் ஐ3-8100-ஐ வைத்துவிடலாமே என்றால், வைக்கலாம், கச்சிதமாக உட்காரும். கணினி எழும்பாது.

ஏன் எழும்பாது? புதிய 300 வரிசை சிப்செட் இருந்தால்தான் 8-ஆம் தலைமுறை ஓடும் என்று இன்டெல் அறிவித்தது. கோர்கள் கூடியதால் மின்சாரம் கூடுதலாகத் தேவை, அதற்காகச் சாக்கெட்டின் தொடுமுனைகள் சிலவற்றின் வேலையை மாற்றினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆறு கோர் கொண்ட ஐ7-8700கே-வுக்கு இந்தக் காரணத்தை ஏற்கலாம். அதே நான்கு கோர், அதே 65 வாட் கொண்ட ஐ3-8100-க்கு எப்படி ஏற்பது? பிற்பாடு ஆர்வலர்கள் பழைய இசட்170 மதர்போர்டுகளின் பயாஸைத் திருத்தி, தேவைப்பட்ட இடத்தில் ஓரிரு தொடுமுனைகளை மறைத்து, 8-ஆம் தலைமுறையை மட்டுமல்ல, 9-ஆம் தலைமுறையையும் ஓட்டிக் காட்டினார்கள். வீட்டில் செய்து பாருங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயாஸ் கெட்டால் மதர்போர்டே போகும். மின்சாரக் கணக்கு தடுத்த இடங்களைவிட, பயாஸில் எழுதாமல் விட்டதால் தடுத்த இடங்கள் அதிகம் என்பதற்கு அது சாட்சி. பிராசஸரை எழுப்பத் தேவையான மைக்ரோகோட் பயாஸுக்குள் இருக்க வேண்டும். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. ஆகவே, விளம்பரத்தில் ‘ஆதரவு இல்லை’ என்று படித்தால், ‘முடியாது’ என்றும் பொருள் கொள்ளலாம், ‘செய்ய மாட்டோம்’ என்றும் பொருள் கொள்ளலாம். எது என்று அவர்கள் பிரித்துச் சொல்வதில்லை.

விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலும் இதே ரகம். தடை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஐ5-6500, ஐ5-7500 கணினிகள் பெரும்பாலானவற்றில் பயாஸுக்குள் போய் பிடிடி என்பதை ஆன் செய்தால் டிபிஎம் 2.0 வந்துவிடும். அதன் பிறகும் விண்டோஸ் 11 மறுக்கும். மறுப்பது பிராசஸர் பட்டியல். பாதுகாப்பு, நிலைத்தன்மை என்று மைக்ரோசாஃப்ட் காரணம் சொன்னது. தகுதி பெறாத கணினிகளில் கெர்னல் அளவிலான முடக்கம் 52 சதவீதம் அதிகம் என்று 2021 ஆகஸ்டில் ஒரு கணக்கும் கொடுத்தது. பழைய கணினிகள் அதிகம் முடங்கும் என்பதில் வியப்பில்லை. கோடு ஏன் சரியாக 8-ஆம் தலைமுறையில் விழுந்தது என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

பாதுகாப்பு வாதத்தையும் உரசிப் பார்க்கலாம். கெர்னலுக்குள் கள்ளக் குறியீடு நுழையாமல் காக்கும் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ வேகம் அதிகம் குறையாமல் ஓட, சிப்பிலேயே ஒரு துணை அம்சம் வேண்டும். இன்டெல்லில் அது 7-ஆம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. ஏஎம்டியில் ஸென் 2 கட்டமைப்பில்தான் வந்தது. பட்டியலோ இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் அந்த அம்சம் இல்லாத ஸென்+ ரைசன் 2600 போன்றவற்றிலிருந்தும் தொடங்குகிறது. அம்சம் உள்ள சிப் வெளியே நிற்கிறது, இல்லாத சிப் உள்ளே இருக்கிறது. 7-ஆம் தலைமுறையில் விதிவிலக்குப் பெற்ற மிகச் சிலவற்றில் ஒன்று ஐ7-7820ஹெச்கியூ. மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்த சிப் அது. இந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பட்டியலைப் பொறியியல் எல்லை என்று என்னால் எழுத முடியவில்லை.

இன்டெல் போட்ட மதர்போர்டுக் கோடும் விண்டோஸ் 11 கோடும் ஒரே இடத்தில் விழுவதுதான் இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக்காரர்களின் துயரம். அவர்களின் மதர்போர்டு ஏற்கும் உச்சம் ஐ7-7700கே. செகண்ட் ஹேண்டில் அதைத் தேடிப் பிடித்தாலும் விண்டோஸ் 11-க்கு வெளியேதான் நிற்பார்கள். விளையாட்டு வேகம் ஏறும், ஆயுள் ஏறாது. மிக மலிவாகக் கிடைத்தால் ஒழிய நான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்தை அடுத்த மதர்போர்டுக்குச் சேர்த்து வைப்பேன்.

ஏஎம்டி பக்கம் கதை வேறாக முடிந்தது. முடிய வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள். ஏஎம்4 சாக்கெட்டுடன் ரைசன் 2017 மார்ச்சில் வந்தது. 2020 வரை இதே சாக்கெட் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2020 மே மாதம், அடுத்து வரும் ஸென் 3 பிராசஸர்கள் 500 வரிசை மதர்போர்டுகளில் மட்டும்தான் என்றார்கள். சொன்ன காரணம், பயாஸ் சிப்பின் 16 எம்பி கொள்ளளவு. இந்தக் காரணத்தில் உண்மை உண்டு: ஏஎம்4-இல் சேர்ந்துவிட்ட அத்தனை பிராசஸர்களுக்கும் அந்தச் சின்ன சிப்பில் இடம் போதவில்லை. ஆனால் எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு வாரத்துக்குள் 400 வரிசைக்குத் தடை நீங்கியது. இடம் எப்படிக் கிடைத்தது? பழைய ஏ வரிசை பிராசஸர்களுக்கான பகுதியை நீக்கினார்கள். சில மதர்போர்டுகளில் பயாஸின் படம் போட்ட அலங்காரத் திரையை எடுத்துவிட்டு எளிய திரை வைத்தார்கள். 2022-இல் பி350, எக்ஸ்370 வரைக்கும் வழி திறந்தது. முதல் ரைசனுக்கு வாங்கிய மதர்போர்டில் ஐந்து ஆண்டு கழித்து வந்த பிராசஸர் ஓடுகிறது.

எனவே உங்களிடம் ரைசன் 1200, 1600, 2600 போன்றவை இருந்தால், மலிவான வழி ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், பழைய பி350 மதர்போர்டின் மின்சுற்றும் தாங்கும். விண்டோஸ் 11-க்கும் தகுதி. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்து, கடையிலும் கிடைத்தால் 5700எக்ஸ்3டி. அதில் கேஷை அடுக்கடுக்காக ஏற்றி 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். 5600-இல் 32 எம்பிதான். விளையாட்டு கேட்கும் தகவல் பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், ரேம் பழையதாக, வேகம் குறைந்ததாக இருந்தாலும் அவ்வளவாக அடி விழாது. பழைய டிடிஆர்4 ரேமை மாற்ற வசதியில்லாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சிப் இல்லை.

மாற்றும்போது செய்யும் வரிசை முக்கியம். மதர்போர்டின் பெயரை, திருத்தப் பதிப்பு எண் உட்பட, குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்தப் பெயருக்கான பிராசஸர் பட்டியலில் நீங்கள் வாங்கவிருக்கும் மாடல் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் வழியில்லை. யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். நம் ஊர் மின்சாரத்தை நம்பி பயாஸ் எழுதக் கூடாது. பிட்லாக்கர் ஆனாக இருந்தால் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் ஏஎம்டி பிராசஸரை மாற்றினால் அதனுள் இருக்கும் டிபிஎம்மும் மாறிவிடும், முதல் தடவை எழும்பும்போது அந்தக் கீயைக் கேட்கும்.

ஏஎம்4-இல் இன்னொரு ஆபத்து. பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, 1331. தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை நேராக இழுக்கும்போது பூட்டு மூடியிருந்தும் பிராசஸர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எனக்கு அப்படி வந்தது, நான்கு பின்கள் வளைந்தன, ஊசி வைத்து நிமிர்த்த ஒரு மாலை முழுக்கப் போனது. கணினியைக் கால் மணி நேரம் விளையாட்டில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

மீதிக் கேள்விகள்.

விண்டோஸை மறுபடி வாங்க வேண்டுமா? வேண்டாம், டிஜிட்டல் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டைச் சார்ந்தது.

இன்னும் விண்டோஸ் 10-இலேயே இருந்தால்? 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு: 30 டாலர் கட்டலாம், 1000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடுக்கலாம், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம்.

தடையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடலாமா? போடலாம், ஆனால் விண்டோஸ் 11-இல் வேலரண்ட் டிபிஎம் 2.0-ஐயும் செக்யூர் பூட்டையும் கேட்கும்.

இன்டெல் 10-ஆம் தலைமுறையிலிருந்து 11-க்கு? ஹெச்410, பி460 மதர்போர்டாக இருந்தால் ஓடாது.

12-ஆம் தலைமுறைக்காரர்கள்? 13, 14 இரண்டும் அதே சாக்கெட், முதலில் பயாஸ்.

2, 3-ஆம் தலைமுறை ஐ5, ஐ7? ஏவிஎக்ஸ்2 இல்லை, அதைக் கேட்கும் விளையாட்டுகள் திறக்கவே திறக்காது, பணம் போடாதீர்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ் போதுமா? 65 வாட்டுக்குப் பதில் 65 வாட் என்றால் போதும்.

லேப்டாப்? மதர்போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள், மாற்ற முடியாது.